மூன்று மையில் எழுதிய அட்டை

மகள் கல்லூரிக்குப் புறப்பட்டது ஜூலை மாதத்து முதல் திங்கட்கிழமை, காலை ஆறே முக்கால் பஸ்ஸில். ஒரு சூட்கேஸ், ஒரு பக்கெட், பக்கெட்டுக்குள் சுருட்டித் திணித்த தலையணை. பஸ் நிலையத்தில் மற்ற அம்மாக்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மா மட்டும் மகளின் ஃபைலைத் திறந்து காகிதங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“நாலு தடவை பாத்துட்டேம்மா. விடு.”

“அஞ்சாவது தடவை பாத்தா காகிதம் ஒண்ணும் தேஞ்சுபோயிடாது. தடுப்பூசி அட்டை எல்லாத்துக்கும் மேல இருக்கணும். கேட்டதும் எடுத்து நீட்டணும். உன்னை மாதிரி ஒழுங்காப் போட்டுக்கிட்டவங்க அந்தக் காலேஜ்ல எத்தனை பேர் இருப்பாங்கன்னு நினைக்கறே?”

“மெதுவாப் பேசு. பஸ்ஸுக்கே கேக்குது.”

“கேக்கட்டும்னுதான் பேசறேன்.”

பஸ்ஸில் அதே கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மடியிலும் ஃபைல் இருந்தது, ஃபைலில் அட்டை இருந்தது. அந்த அட்டைகள் எப்படிப் பிறந்தன என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் குரல்.

அவள் ஒரு தனியார் கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். ஊரில் அவளுக்குப் பெயர் ‘வலிக்கும் சிஸ்டர்’. மற்ற நர்ஸுகள் ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு “வலிக்காது கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரி” என்பார்கள். இவள் ஊசியைக் கண்ணெதிரே தூக்கிப் பிடித்து, “வலிக்கும். ரெண்டு செகண்டு. அழணும்னா அழுதுக்கோ, கையை மட்டும் ஆட்டாதே” என்பாள். பிள்ளைகள் அவளைக் கண்டால் அலறின. ஆனால் அவள் போட்ட ஊசி வீங்கியதில்லை, கட்டியானதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு. ஊரில் பாதிப் பேர் சோம்பேறிகள், மீதிப் பேர் பொய்யர்கள் என்பது அவளுடைய கணக்கு. அவளும் அவள் மகளும் மட்டும் எந்தப் பாதியிலும் சேராதவர்கள்.

கிளினிக்கின் டாக்டருக்கும் ஒரு பெயர் இருந்தது, ‘நார்மல் டாக்டர்’. கல்லூரி திறக்கும் பருவத்தில் மருத்துவச் சான்றிதழுக்குக் கூட்டம் வரும். டாக்டர் மேஜையில் படிவங்களை அடுக்கிவைத்து, நாடித்துடிப்பு எழுபத்திரண்டு, ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது, கண் நார்மல், காது நார்மல் என்று சாப்பாட்டுக்கு முன்பே எழுதி முடித்துவிடுவார். பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் வருவார்கள். ஒரு தடவை கையில் மாவுக்கட்டோடு வந்த பையனுக்கு ‘கை கால் அசைவு நார்மல்’ என்று கையெழுத்துப் போட்டார். அவனுடைய அப்பா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “தேங்க்ஸ் சார்” என்று வாங்கிக்கொண்டு போனார்.

கண் பரிசோதனை எழுத்துப் பலகை உள்ளே இடமில்லையென்று காத்திருக்கும் கூடத்தில் தொங்கியது. வரிசையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் ஆடுமாடுகூட அதை மனப்பாடம் செய்துவிடும். உயரம் அளக்கும் கோடு சுவரில் இருந்தது. தரைக்கு டைல்ஸ் போட்ட வருஷத்திலிருந்து ஊரில் எல்லோரும் ஒரு அங்குலம் வளர்ந்திருந்தார்கள். எடை மெஷினுக்கு ஒரு கால் குட்டை. ஏறி நின்றால் முள் மாட்டின் வால் போல ஆடும். அது எங்கே நிற்கிறதோ அதுதான் எடை. மாற்றச் சொல்லி அவள் வருஷா வருஷம் சொன்னாள். “காலேஜுக்குத்தானே போறாங்க, மல்யுத்தத்துக்கா?” என்பார் டாக்டர்.

அந்த வருஷம் கல்லூரி ஒரு புது விதி போட்டது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்க வேண்டும். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறு மாதம் கழித்து மூன்றாவது. அட்டையில் ஒவ்வொன்றுக்கும் தேதியும் மருந்துப் புட்டியின் பேட்ச் நம்பரும் எழுதியிருக்க வேண்டும். அட்டை இல்லாவிட்டால் சீட் இல்லை. லேப் படிப்பு, நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தில் கை வைக்கிற படிப்பு. விதி நியாயமானதுதான். அறிவிப்பு வந்தது டிசம்பர் முதல் வாரம். அதை அன்றே படித்தவர்கள் ஊரில் ஒரே ஒரு வீட்டில் இருந்தார்கள்.

அவள் டிசம்பர் நான்காம் தேதி மகளுக்கு முதல் ஊசியைப் போட்டாள், ஜனவரி நான்கில் இரண்டாவது, ஜூன் நான்கில் மூன்றாவது. அந்தந்த நாளில் கையில் கிடைத்த பேனாவால் எழுதியதால் அட்டையில் ஒரு வரி நீலம், ஒரு வரி கறுப்பு, ஒரு வரி பச்சை. மூன்று வேறு புட்டி, மூன்று வேறு பேட்ச் நம்பர். ஓரத்தில் ஸ்பிரிட் பட்டு மை கலங்கியிருந்தது. மூன்று வரியிலும் ஊசி போட்டவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து. கீழே டாக்டர் என்னவென்று பார்க்காமல் போட்ட கையெழுத்தும் சீலும்.

மற்ற முப்பத்தேழு குடும்பங்களும் ஜூன் மாதக் கடைசி வாரத்தில் விழித்துக்கொண்டன.

கூடம் நிரம்பி வழிந்தது. ஆறு மாதத்தை எப்படி ஒரே வாரத்தில் அடைப்பது என்று யாருக்கும் கவலையில்லை. டாக்டர் எப்படியாவது அடைத்துக்கொடுப்பார் என்று தெரியும். டாக்டர் யோசித்தார். மூன்றாவது ஊசியை நிஜமாகவே போட்டுவிடலாம், முதல் இரண்டையும் பேப்பரில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்.

“என்ன தேதி சார் எழுதறது?” என்று கேட்டார் பெயிண்ட் கடைக்காரர். அவருடைய மகனும் அதே கல்லூரிக்குப் போகிறான்.

“டிசம்பர் பத்து போடுங்க. எனக்கு மறக்காத தேதி அது ஒண்ணுதான். என் கல்யாண நாள்.”

டிசம்பர் பத்தாம் தேதி வருஷா வருஷம் கிளினிக்குக்கு விடுமுறை என்பதும், கதவில் டாக்டரே பலகை மாட்டிவிட்டு மனைவியோடு வெளியூர் போவார் என்பதும் அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்கள்.

பெயிண்ட் கடைக்காரர் முன்னாளில் கடைப் பலகைகள் எழுதியவர். முத்து முத்தான கையெழுத்து. “என்கிட்ட குடுங்க, எல்லாத்தையும் ஒரே மாதிரி எழுதிடறேன். பார்க்க ஒரு மரியாதையா இருக்கும்” என்று உட்கார்ந்துவிட்டார். முப்பத்தேழு அட்டையும் அவர் முன்னால் வந்து குவிந்தன. பேட்ச் நம்பருக்கு மேஜைமேல் ஒரு காலிப் புட்டியை நிறுத்திவைத்து, அதைப் பார்த்து மூன்று வரிக்கும் ஒரே நம்பரை எழுதினார். நூலில் கட்டிய கிளினிக் பேனா, ஒரே நீலம்.

அவள் அந்தப் புட்டியை எடுத்து லேபிளைப் படித்தாள்.

“சார், இது பிப்ரவரியில தயாரிச்ச மருந்து.”

“அதுக்கென்ன?”

“டிசம்பர்ல போட்டதா எழுதறாங்க. மருந்து பொறக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஊசி போட்டாச்சா?”

டாக்டர் சிரித்தார். “சிஸ்டர், அட்டையில தயாரிச்ச மாசம் கேக்கறாங்களா? நம்பர்தானே கேக்கறாங்க? அந்த நம்பரை வெச்சுக்கிட்டு எவன் போய்த் தேடப்போறான்?”

பெயிண்ட் கடைக்காரர் நிமிராமலே எழுதிக்கொண்டு சொன்னார்: “உங்க பொண்ணு அட்டையையும் கொண்டாங்க சிஸ்டர். அழகா எழுதித் தரேன். உங்களுது கோழி கிளறின மாதிரி இருக்கும்.”

“என் பொண்ணு கையில மூணு ஊசி ஏறியிருக்கு. உங்க பையன் கையில ஒண்ணுதான். மீதி ரெண்டையும் நீங்க அழகா எழுதிக்கோங்க.”

கூடத்தில் தலைகள் திரும்பின. பிறகு யாரோ, “ஆமா, இவங்க ஒருத்தங்கதான் உத்தமி” என்றார்கள். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

மகள் போய் இரண்டாம் நாள், புதன்கிழமை மதியம் போன் வந்தது.

“அம்மா, என் அட்டையை எடுத்துக்க மாட்டேங்கறாங்க.”

“என்ன குறையாம்?”

“போலின்னு சொல்றாங்கம்மா.”

பஞ்சை ஸ்பிரிட்டில் முக்கிய அவள் கை அங்கேயே நின்றது. மகள் அழுதுகொண்டே சொன்னாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சரியான அட்டை கொடுக்காவிட்டால் சீட் ரத்து. காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

வியாழக்கிழமை காலை அவள் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்க் கல்லூரி அலுவலகத்தில் நின்றாள். பையில் தன் கறுப்பு நோட்டைக் கொண்டுபோயிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக யாருக்கு என்ன ஊசி என்று தினமும் எழுதிய நோட்டுகளில் கடைசி நோட்டு.

கவுன்டரில் இருந்தவர் காதில் பேனா செருகியிருந்தார். மேஜையில் முப்பத்தேழு அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தன. அவள் மகளின் அட்டை மட்டும் தனியாக, தொற்றுநோய்க்காரனை ஒதுக்கிவைத்தது போலக் கிடந்தது.

“பாருங்கம்மா” என்று அவர் அட்டைக் கட்டை விசிறி போல விரித்துக் காட்டினார். “உங்க ஊர், உங்க கிளினிக். முப்பத்தேழு பேருக்கும் டிசம்பர் பத்து, ஜனவரி பத்து, ஜூன் பத்து. ஒரே பேட்ச். கேம்ப் மாதிரி ஒழுங்காப் போட்டிருக்காங்க. அச்சடிச்ச மாதிரி எழுத்து. இப்ப உங்க பொண்ணுதைப் பாருங்க. வேற தேதி, வேற வேற பேட்ச், மூணு கலர்ல மை. ஊசி போட்டது யாருன்னு பாத்தா அம்மாவே. நான் என்ன நினைக்கணும்?”

“அதுதான் சார் நிஜம்.”

“முப்பத்தேழு பேர் பொய், நீங்க ஒருத்தர் நிஜமா?”

அவள் நோட்டை நீட்டினாள். அவர் இரண்டு பக்கம் புரட்டினார்.

“இது நீங்களே எழுதினது. சீல் எங்கே?”

“நோட்டுக்கு யாராவது சீல் வைப்பாங்களா?”

“வைக்காததாலதான் கேக்கறேன்.” அவர் கோபப்படவில்லை. நியாயமானவர் என்று தன்னைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம் இருந்தது. “இருங்க, உங்க டாக்டரையே கேட்டுடுவோம்” என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

டாக்டரின் குரல் வந்தது. கவுன்டர்க்காரர் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு அட்டை நிஜமென்றால் மற்றவை என்ன என்ற கேள்வி வரும் என்பதை டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார் என்று அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

“எங்க கிளினிக்ல எல்லாருக்கும் டிசம்பர் பத்துதான் சார்” என்றார் டாக்டர். “வேற தேதி இருந்தா எனக்குத் தெரியாது.”

கவுன்டர்க்காரர் அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், இரக்கத்தோடு.

அப்போதே சொல்லியிருக்கலாம். நோட்டில் டிசம்பர் பத்து என்று ஒரு பக்கமே இல்லை, அன்றைக்குக் கிளினிக் கதவே திறக்கவில்லை, அந்த மருந்து பிப்ரவரியில்தான் தயாரானது என்று மூன்று வாக்கியம் போதும். வாயைத் திறந்தாள். திறந்தவள் ஜன்னல் வழியாக மகளைப் பார்த்தாள். மகள் வராந்தா பெஞ்சில் பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹாஸ்டல் அறை இன்னும் கொடுக்கவில்லை. சொன்னால் விசாரணை வரும். விசாரணை முடிய மாதக்கணக்காகும். அதுவரை அந்தக் கிளினிக்கின் எல்லா அட்டையும் நிறுத்திவைக்கப்படும், முதலில் நிற்பது ஏற்கெனவே ஒதுக்கிவைத்த இந்த அட்டைதான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்.

வாயை மூடிக்கொண்டாள். ஊரைப் பொய்யர்கள் என்று கரித்துக்கொட்டிய அதே வாய்.

“நாளைக்குள்ள சரியான அட்டை கொண்டுவரேன் சார்” என்று மகளின் அட்டையை எடுத்துக்கொண்டாள்.

கிளினிக்குக்கு வந்தபோது மாலை நான்கு. டாக்டர் அவளைப் பார்க்காமல் மேஜைமேல் ஒரு வெற்று அட்டையை நகர்த்தினார்.

“மனசுல வெச்சுக்காதீங்க சிஸ்டர். நான் என்ன பண்ணட்டும்? முப்பத்தேழு பிள்ளைங்க வாழ்க்கை. பெயிண்ட் கடைக்காரர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. உங்க எழுத்துல இருந்தா மறுபடியும் சந்தேகப்படுவான்.”

“எனக்கு எழுத வராதா?”

“வரும். ஆனா நிஜம் மாதிரி இருக்காதே.”

பெயிண்ட் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கடைக்காரர் டப்பாவில் கலர் கலந்துகொண்டிருந்தார். அவளையும் கையிலிருந்த வெற்று அட்டையையும் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அதைவிட மோசமாக, அவர் அன்பாக இருந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“அன்னிக்கே சொன்னேன்ல சிஸ்டர்? ஊரோட ஒத்துப்போயிருந்தா இந்த அலைச்சல் உண்டா? உக்காருங்க. பொண்ணு பேர் சொல்லுங்க.”

எழுதினார். டிசம்பர் பத்து. ஜனவரி பத்து. ஜூன் பத்து. பிறகு பேனாவை நிறுத்தினார்.

“பேட்ச் நம்பர் என்ன, மறந்துட்டேனே. புட்டி கிளினிக்லதானே இருக்கு? போய் எடுத்துட்டு வாங்க.”

போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. லேபிளைப் படித்த அன்றே அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். கூடத்தில் உட்கார்ந்து கண் பலகையை மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்து அவள் எத்தனை வருஷம் சிரித்திருப்பாள்! இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல, ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். மூன்று வரிக்கும் மூன்று தடவை.

“வலிக்குதா சிஸ்டர்?” என்று கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். “ரெண்டு செகண்டுதான்.”

டாக்டர் புது அட்டையில் கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்தார். பழைய அட்டையை அவள் கையிலிருந்து வாங்கினார். “ரெண்டு இருந்தா குழப்பம்” என்று அதை நாலாக மடித்தார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து, எடை மெஷினின் குட்டைக் காலுக்கு அடியில் சொருகினார். மெஷினை அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை.

“பாத்தீங்களா? எத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தீங்க.”

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கவுன்டர்க்காரர் புது அட்டையை மற்ற முப்பத்தேழோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டார். “இப்படி முதல்லயே கொண்டுவந்திருக்கலாமே” என்றார். மகளுக்கு ஹாஸ்டல் அறை கிடைத்தது. பக்கெட் மடியிலிருந்து இறங்கியது.

அவள் கிளினிக்கிலேயே இருந்தாள். வேறெங்கே போவது, எல்லாக் கிளினிக்கிலும் ஒரு நார்மல் டாக்டர் உண்டு. முதல் சில வாரம் அட்டையை மெஷினுக்கு அடியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைக்கும்போதெல்லாம் யாராவது மெஷின்மேல் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு நினைப்பதை விட்டாள். எடுத்து என்ன செய்வது, சட்டம் போட்டு மாட்டுவதா? முள் இப்போது நேராக நின்றது. ஊரில் முதல் தடவையாக எல்லோருக்கும் சரியான எடை தெரிந்தது. பல பேர் மெஷின் கெட்டுவிட்டதாகப் புகார் சொன்னார்கள்.

ஊசி போடும்போது அவள் பேச்சு குறைந்துபோனது. “வலிக்குமா?” என்று பிள்ளைகள் கேட்டால், “கையைக் காட்டு” என்பதோடு சரி. ஊரைப் பற்றிய அவளுடைய கணக்கு மாறவில்லை. பாதிப் பேர் சோம்பேறி, மீதிப் பேர் பொய்யர்தான். இரண்டாவது பாதியில் ஒரு ஆள் கூடியிருந்தது.

இரண்டு வருஷமும் மூன்று மாதமும் கழித்து, ஒரு அக்டோபர் மாதத்து முற்பகலில், எடை மெஷின்மேல் ஒரு தடித்த மாணவன் நின்றுகொண்டிருந்தபோது அவள் போன் அதிர்ந்தது. மகளிடமிருந்து செய்தி. ஒரு கையில் போனும் மறுகையில் படிவமுமாக, அவனை இறங்கச் சொல்லாமலே படித்தாள்.

“அம்மா, லேப்ல பெயிண்ட் கடைக்காரர் பையனுக்கு ஊசி குத்திடுச்சு. அந்த ரத்தத்துல ஹெபடைடிஸ் இருந்துச்சாம். அவன் உடம்புல தடுப்பூசி வேலை செஞ்சதுக்கான அடையாளமே இல்லைன்னு புது ஹெல்த் ஆபீசர் பேட்ச் நம்பரைக் கம்பெனியில விசாரிச்சுட்டாங்க. பிப்ரவரியில தயாரிச்ச மருந்தாம். நம்ம ஊர் அட்டை முப்பத்தெட்டும் போலின்னு எழுதிட்டாங்க. ஆபீசர் எங்க எல்லார் ரத்தத்தையும் பாத்தாங்க. எனக்கு மட்டும்தான் மூணு ஊசியும் முழுசாப் போட்ட மாதிரி இருக்காம். ஆனா ரத்தத்தை ஃபைல்ல வைக்க முடியாதாம். திங்கட்கிழமைக்குள்ள உண்மையான அட்டையைக் காட்டினா மட்டும்தான் கடைசிப் பரீட்சை எழுத விடுவாங்களாம். மூணு கலர் மையில எழுதினியே அந்தப் பழைய அட்டை, அதை எங்கம்மா வெச்சிருக்கே?”